வாங்குவதா, செய்வதா? விற்பனையாளர் சந்தையும் தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்களின் அமைப்பும் (1970–2013)

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவ நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைத் தோற்றுவித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தோற்றுவித்தோரின் நோக்கம் ஒரு நிறுவனம் ஏன் பிறந்தது என்பதை விளக்குகிறது. அது ஏன் குறிப்பிட்ட ஓர் அமைப்பை எடுத்தது என்பதை அந்நோக்கம் மட்டும் விளக்குவதில்லை. 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப், 1994-இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆகிய இரண்டும் எளியவர்க்கு எட்டும் விலையில் மருத்துவப் பொருள்களைக் கொண்டுசேர்க்க முனைந்தவை. முதலாவது உற்பத்தி நிறுவனமாகவும் இரண்டாவது கொள்முதல் நிறுவனமாகவும் அமைந்ததற்கு, அவை எதிர்கொண்ட விற்பனையாளர் சந்தையின் அமைப்பே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விற்பனையாளர் ஒருவரே இருக்கும் சந்தையில் இவ்விரு வழிகளும் அடைபடுகின்றன என்பதையும், அதனால் பொதுநல மருத்துவத்துக்கு எழும் இடரையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மருந்துக் கொள்முதல், உள்விழி லென்ஸ், காப்புரிமைச் சட்டம், ஒப்பந்தப்புள்ளி, வளச் சார்பு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஆரோலேப்

1. முன்னுரை

தமிழ்நாட்டின் பொதுநல மருத்துவ வரலாற்றில் இரு நிறுவனங்கள் நாடு கடந்தும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன. ஒன்று, அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் துணை அமைப்பான ஆரோலேப்பும். மற்றொன்று, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். சி. கே. பிரகலாத் 2004-இல் வெளியிட்ட நூலில் அரவிந்த் மருத்துவமனை ஒரு முன்மாதிரியாக இடம்பெற்றது. அனைவருக்கும் மருத்துவம் என்னும் இலக்கு குறித்துத் திட்டக்குழு அமைத்த உயர்நிலை வல்லுநர் குழு, 2011-இல் தமிழ்நாட்டின் கொள்முதல் முறையைப் பிற மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது.

இவ்விரு நிறுவனங்களையும் பற்றிய எழுத்துகள் தனித்தனி வழிகளில் சென்றுள்ளன. அரவிந்த் பற்றியவை மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் ஆளுமையை மையமாகக் கொண்டவை. கழகத்தைப் பற்றியவை நிருவாகச் சீர்திருத்தத்தையும் அலுவலர்களின் நேர்மையையும் முன்னிறுத்துபவை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது வேறொரு வினா எழுகிறது. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாநிலத்தில், ஒரே வகைச் சிக்கலை எதிர்கொண்ட இரு நிறுவனங்களுள் ஒன்று செய்யத் துணிந்தது. மற்றொன்று வாங்கும் முறையைத் திருத்தியது. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. கருத்தியல் பின்னணி

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டியதைச் சந்தையில் வாங்க வேண்டுமா, தானே செய்துகொள்ள வேண்டுமா என்னும் வினாவை ரொனால்ட் கோஸ் 1937-இல் எழுப்பினார். சந்தையைப் பயன்படுத்துவதற்கும் ஒரு செலவு உண்டு. அச்செலவு மிகும்போது நிறுவனம் அப்பணியைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. ஆலிவர் வில்லியம்சன் 1975-இல் இதனை விரித்து, விற்பவர் எண்ணிக்கை சுருங்கும்போது பேரம் பேசும் ஆற்றல் ஒருபக்கம் சாய்வதைக் காட்டினார். ஜெஃப்ரி ஃபெஃபரும் ஜெரால்ட் சாலன்சிக்கும் 1978-இல் முன்வைத்த வளச் சார்புக் கோட்பாடு, இன்றியமையாத வளத்தைக் கையில் வைத்திருப்போருக்கு ஏற்பவே நிறுவனங்கள் தம் அமைப்பை மாற்றிக்கொள்கின்றன என்கிறது.

மருத்துவத்தில் இவற்றோடு இன்னொரு கூறும் சேர்கிறது. கென்னத் ஆரோ 1963-இல் சுட்டிக்காட்டியபடி, மருத்துவச் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒரே அளவு அறிந்தவர்கள் அல்லர். ஒரு மாத்திரையில் உரிய மருந்து உரிய அளவில் உள்ளதா என்பதை நோயாளியால் அறிய இயலாது. ஆகவே, விலை மட்டுமன்றித் தரத்தை அறியும் திறனும் மருத்துவ நிறுவனத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. விற்பனையாளர் எண்ணிக்கை, தரத்தை அறியும் வாய்ப்பு, உற்பத்திக்கான சட்டத் தடை ஆகிய மூன்றையும் அளவைகளாகக் கொண்டு பின்வரும் பகுதிகள் அமைகின்றன.

3. பலர் விற்கும் சந்தை உருவான வரலாறு

இந்தியாவில் மருந்து விற்போர் பலராக இருப்பது இயல்பாக நிகழ்ந்ததன்று. அது சட்டத்தால் உருவாக்கப்பட்டது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை பெற இயன்றது. விடுதலைக்குப் பின்னரும் இச்சட்டம் நீடித்ததால், புதிய மருந்துகளின் சந்தை பெருமளவு அயல்நாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை இந்நிலையை ஆராய்ந்து, மருந்து, உணவு போன்றவற்றில் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் அமைந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது.

இதன் விளைவு நேரடியானது. ஒரு மருந்தை வேறொரு செய்முறையில் உருவாக்கும் எவரும் அதனை விற்கலாம் என்றாயிற்று. பொதுத்துறையில் 1954-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1961-இல் நிறுவப்பட்ட இந்திய மருந்துகள் நிறுவனம் ஆகியவை தொழில்நுட்பத் திறன் பெற்ற பணியாளரை உருவாக்கியிருந்தன. இத்திறனும் புதிய சட்டமும் சேர்ந்து, அடுத்த இரு பத்தாண்டுகளில் பெரியனவும் சிறியனவுமாக எண்ணற்ற மருந்து நிறுவனங்கள் தோன்ற வழிவகுத்தன. 1990-களின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைக்கு இன்றியமையாத மருந்துகளுள் பெரும்பாலானவற்றுக்கு விற்பனையாளர் பலர் இருந்தனர்.

4. வாங்குவதற்கென ஒரு நிறுவனம்

விற்பவர் பலராக இருந்தும் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு இருந்தது. வாங்குபவர் சிதறிக் கிடந்ததே இதற்குக் காரணம். துறை இயக்குநரகங்கள் தனித்தனியே வாங்கின, பட்டியல்கள் நீண்டிருந்தன, ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் வந்தது, இடைத்தரகர்களுக்கு இடம் இருந்தது. விற்றவருக்குப் பணம் தாமதமாகவே கிடைத்தது. தாமதமாகப் பணம் தருபவரிடம் விற்பவர் அத்தாமதத்தின் செலவையும் விலையிலேயே சேர்த்துவிடுவார். அரசு தன் சொந்தத் தாமதத்துக்கும் சேர்த்தே விலை கொடுத்தது.

1994 ஜூலையில் நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1995 ஜனவரியில் மருந்து வழங்கலைத் தொடங்கியது. இதன் நடைமுறைகள் ஒவ்வொன்றும் சந்தையின் ஒரு குறையைக் குறிவைத்து அமைந்தவை. முதலாவதாக, இன்றியமையா மருந்துப் பட்டியல் வகுக்கப்பட்டு, மருந்துகள் வணிகப் பெயரால் அன்றி வேதிப்பெயரால் வாங்கப்பட்டன. வணிகப் பெயர் நீங்கியதும் பல விற்பனையாளரின் பொருள்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கனவாயின. இரண்டாவதாக, உற்பத்தியாளரிடமிருந்து மட்டுமே வாங்கும் விதி இடைத்தரகரை விலக்கியது. மூன்றாவதாக, தொழில்நுட்பத் தகுதியும் விலையும் தனித்தனி உறைகளில் பெறப்படும் இரட்டை உறை ஒப்பந்தப்புள்ளி முறை, தகுதியற்றவர் குறைந்த விலையைக் காட்டி நுழைவதைத் தடுத்தது.

தரத்தை அறிவதற்கான ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. வந்திறங்கும் மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, உற்பத்தியாளர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் பட்டியலிடப்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. ஆரோ சுட்டிய அறிவு ஏற்றத்தாழ்வை ஒரு நிருவாக நடைமுறை ஈடுசெய்ய முயன்றது. தேறாத தொகுதி திருப்பி அனுப்பப்பட்டது; தொடர்ந்து தவறியவர் விலக்கப்பட்டார்.

வழங்கல் பக்கத்தில், மாவட்டங்கள்தோறும் கிடங்குகள் அமைக்கப்பட்டு இருப்பு கணினி வழியாகக் கண்காணிக்கப்பட்டது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட்ட தொகை பாஸ்புக்கில் பதியப்பட்டு, அதன் வரம்புக்குள் தனக்கு வேண்டியதை அம்மருத்துவமனை எடுத்துக்கொள்ள முடிந்தது. வாங்குவது ஓரிடத்திலும், என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது பல இடங்களிலும் என அதிகாரம் பிரிக்கப்பட்டது. அட்டைகளில் அடைக்கப்பட்ட மாத்திரைகளில் அரசு வழங்கல், விற்பனைக்கன்று எனப் பொறிக்கப்பட்டதால் மருந்து வெளிச்சந்தைக்குக் கசிவது கடினமாயிற்று.

ஜோன் ராபின்சன் 1933-இல் வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தையை ஆராய்ந்து, அவருக்குள்ள விலை ஆற்றலை விளக்கினார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முழுமையான ஒற்றை வாங்குநர் அன்று. ஆயினும் பல சிறு, நடுத்தர உற்பத்தியாளருக்கு அது தவிர்க்க இயலாத பெரிய வாங்குநராயிற்று. அதன் தகுதி விதிகள் உற்பத்திமுறை, அடைப்புமுறை ஆகியவற்றையும் மாற்றின. சந்தையால் வடிவமைக்கப்பட்ட நிறுவனம் தன் பங்குக்குச் சந்தையையும் வடிவமைத்தது. எனினும் இவ்வாற்றல் முழுவதும் ஒரு முன்நிபந்தனையைச் சார்ந்தது: உறைகளைத் திறக்கும்போது உள்ளே பல விலைகள் இருக்க வேண்டும்.

5. செய்வதற்கென ஒரு நிறுவனம்

மதுரையின் சந்தை வேறானது. அரசு மருத்துவப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெறும் வருவாயில் இலவச மருத்துவமும் நடைபெறும் முறை அங்கு உருவாயிற்று. 1980-களின் பிற்பகுதியில் நடந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் பார்வையிழப்புக்கான காரணங்களுள் ஏறத்தாழ 80 விழுக்காடு கண்புரையாக இருந்தது.

கண்புரை நீக்கப்பட்ட கண்ணில் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறையை ஹெரால்ட் ரிட்லி 1949-இல் இலண்டனில் தொடங்கிவைத்தார். 1980-களில் செல்வ நாடுகளில் இது வழக்கமான மருத்துவமாகிவிட்டது. இந்தியாவிலோ ஏழை நோயாளிக்குப் புரையை நீக்கித் தடித்த கண்ணாடி கொடுப்பதே வழக்கம். அக்கண்ணாடி பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும். பக்கப் பார்வையைச் சிதைக்கும். உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவை செய்யப்பட்டவர் மீண்டும் பார்வையற்றவர்போல் ஆவார். வயலிலும் கூலி வேலையிலும் இருப்போருக்கு இவ்வேறுபாடு பிழைப்பைப் பற்றியதாகும்.

இறக்குமதி லென்ஸின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. இவ்விலை, மூலப்பொருளின் செலவைவிடப் பணம் செலுத்துவோரின் வலிமையைச் சார்ந்து அமைந்தது. மூலப்பொருள் ஒருவகை அக்ரிலிக் நெகிழியே. விற்போர் மேலைநாட்டு நிறுவனங்கள் சில. அவற்றின் முதன்மை வாடிக்கையாளர் காப்பீட்டால் பணம் செலுத்தப்படும் நோயாளிகள். மருத்துவமனைகளின் தேவைகளை ஒன்றுதிரட்டி ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தாலும் இவ்விலை பெரிதும் இறங்கியிருக்க வாய்ப்பில்லை. போட்டியிடாத சிலரிடம் பெரிய வாங்குநராக இருப்பது சிறு தள்ளுபடியைத் தரலாம். பத்தில் ஒரு பங்கு விலையைத் தராது. வளரும் நாடுகளுக்கு இத்தொழில்நுட்பம் பொருந்தாது என்னும் கருத்தும் பன்னாட்டு மருத்துவ வட்டாரங்களில் நிலவியது.

1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், டேவிட் கிரீன், சேவா அறக்கட்டளை ஆகியோரின் துணையுடன் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தைப் பெற்று லென்ஸ் உற்பத்தியில் இறங்கியது. தொடக்கத்தில் சுமார் 10 டாலராக இருந்த விலை பின்னர் மேலும் இறங்கியது. உற்பத்தியைச் சாத்தியமாக்கியவை மூன்று. அடிப்படை லென்ஸைச் செய்வதற்குக் காப்புரிமைத் தடை இல்லை. தொழில்நுட்பம் கைமாறத்தக்கதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்தியாகும் லென்ஸை எடுத்துக்கொள்ள அறுவை அரங்குகள் காத்திருந்தன. புதிய உற்பத்தியாளருக்கு எழும் பெரிய அச்சம் விற்பனை பற்றியது. அவ்வச்சம் இங்கு தொடக்கத்திலேயே நீங்கியிருந்தது. தரம் குறித்த ஐயமும் வேறுவகையில் தீர்ந்தது. லென்ஸைச் செய்தவரும் அதைப் பொருத்தியவரும் ஒரே குடும்ப அமைப்பினர் ஆதலால், குறை கண்ட மருத்துவரின் சொல் உடனே உற்பத்திக் கூடத்தை எட்டியது.

1994-இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் தொடங்கிய கண்புரைப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் லென்ஸின் தேவையைப் பெருக்கியது. ஆரோலேப் தையல் இழை, கண் மருந்து ஆகியவற்றுக்கும் விரிந்தது. அதன் பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன. இந்தியாவில் பிற உற்பத்தியாளரும் பெருகினர். சிலர் மட்டுமே விற்ற சந்தை பலர் விற்கும் சந்தையாயிற்று. இன்று லென்ஸை ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்க இயல்வதற்கு, அன்று வாங்க இயலாமல் செய்யத் துணிந்ததும் ஒரு காரணமாகும். வாங்குவதும் செய்வதும் மாறா இயல்புகள் அல்ல. சந்தையின் நிலைக்கேற்ப ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடக்கூடும்.

6. ஓர் ஒப்புநோக்கு: சித்த மருந்துகள்

வாங்குவது அரசின் இயல்பு, செய்வது அறக்கட்டளையின் இயல்பு என்று இவ்வேறுபாட்டை விளக்க முற்படலாம். சித்த மருத்துவத் துறை இவ்விளக்கத்தை மறுக்கிறது. நவீன மருந்தை வாங்கும் தமிழ்நாடு அரசே, சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளைச் செய்வதற்கென 1983-இல் டாம்ப்கால் எனப்படும் மருத்துவத் தாவரப் பண்ணைகள் மற்றும் மூலிகை மருந்துக் கழகத்தை நிறுவியது. அதற்கு முன்பே, 1944-இல், இந்திய மருத்துவ முறை மருத்துவர்கள் தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே செய்துகொள்ள இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்திருந்தனர்.

சித்த மருந்தின் தரம் மூலிகை, செய்முறை, செய்பவரின் தேர்ச்சி ஆகியவற்றில் அடங்கியுள்ளது. முடிந்த பொருளை மட்டும் ஆய்வகத்தில் சோதித்து அனைத்தையும் அறிவது கடினம். சோதித்து அறிய இயலாததைச் செய்முறையைக் கையில் வைத்திருப்பதன் வாயிலாகவே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. ஒரே அரசு ஒரு துறையில் வாங்குநராகவும் மற்றொன்றில் உற்பத்தியாளராகவும் இருப்பது, உரிமையாளர் யார் என்பதைவிடச் சந்தையின் இயல்பே அமைப்பைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

7. ஒருவரே விற்கும் சந்தை

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வழங்கலைத் தொடங்கிய 1995 ஜனவரியில்தான் உலக வணிக அமைப்பும் நடைமுறைக்கு வந்தது. அதன் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்க இந்தியாவைக் கட்டுப்படுத்தியது. பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பின் 2005 ஜனவரி 1 முதல் பொருள் காப்புரிமை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பலர் விற்கும் சந்தையைப் பயன்படுத்தும் நிறுவனம் மருந்து வழங்கலைத் தொடங்கிய மாதமே, புதிய மருந்துகளில் அச்சந்தையைச் சுருக்கும் விதியும் உயிர்பெற்றது.

காப்புரிமை பெற்ற மருந்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால் ஓர் உறையே வரும். தானே செய்வதற்கும் சட்டம் இடம்தராது. எஞ்சுவது சட்டத்தின் வழி மட்டுமே. இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. சட்டத்தின் 3(ஈ) பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. 2012 மார்ச்சில், பேயர் நிறுவனம் மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் மருந்தை 9,000 ரூபாய்க்கும் குறைவாக விற்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. கட்டாய உரிமத்தின்கீழ் விலை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சரிந்தது. எந்தக் கொள்முதல் சீர்திருத்தமும் ஒற்றை விற்பனையாளரிடமிருந்து பெற்றிருக்க முடியாத சரிவு இது.

இதற்கு இணையாக மற்றொரு சுருக்கமும் நிகழ்ந்தது. காப்புரிமை இல்லாத மருந்துகளிலும் மூல மருந்துப்பொருளின் உற்பத்தி பெருமளவு சீனாவுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு காலத்தில் பென்சிலினை உள்நாட்டிலேயே செய்த இந்தியா, அதன் மூலப்பொருளை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 2020-இல் ஒன்றிய அரசு மூல மருந்துப்பொருள் உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்ததற்கு இச்சார்பே பின்னணி. ஒப்பந்தப்புள்ளியில் பத்து விலைகள் வரலாம். பத்து நிறுவனங்களும் ஒரே இடத்து மூலப்பொருளை நம்பியிருப்பின் அங்குள்ள போட்டி மேற்பரப்பில் மட்டுமே உள்ளது. மிகக் குறைந்த விலையை மட்டும் நாடும் கொள்முதல் இச்சார்பை வளர்க்கவும் கூடும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• விற்பவர் பலராகவும் தரத்தைச் சோதித்து அறியத்தக்கதாகவும் இருந்த நவீன மருந்துச் சந்தையில், வாங்கும் ஆற்றலை ஒன்றுதிரட்டும் நிறுவனம் உருவாயிற்று.

• விற்பவர் சிலராகவும், உற்பத்திக்குச் சட்டத் தடை இல்லாமலும் இருந்த உள்விழி லென்ஸ் சந்தையில், செய்யும் நிறுவனம் உருவாயிற்று. தரத்தைச் செய்முறையில் காக்க வேண்டியிருந்த சித்த மருந்துத் துறையிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

• விற்பவர் ஒருவராகவும் சட்டத்தால் காக்கப்பட்டும் இருக்கும் சந்தையில் வாங்கும் வழி, செய்யும் வழி ஆகிய இரண்டும் அடைபட, சட்டப் போராட்டமே எஞ்சுகிறது.

இம்முடிவுகள் நிறுவனங்களைத் தோற்றுவித்தோரின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவன அல்ல. தாம் நின்ற சந்தையைச் சரியாக அடையாளம் கண்டு அதற்கேற்ற அமைப்பைத் தேர்ந்ததே அவர்களின் அரிய பங்களிப்பு. ஆனால் அவ்வமைப்பை மட்டும் நகலெடுக்க முனையும் பிற மாநிலங்களும் நாடுகளும், அதைச் சாத்தியமாக்கிய சந்தை தம்மிடம் உள்ளதா என்பதை முதலில் நோக்க வேண்டும். தமிழ்நாட்டின் இலவச மருந்து வழங்கல் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பல விற்பனையாளர் சந்தையின் மீது நிற்கிறது. புற்றுநோய் போன்றவற்றுக்கான புதிய மருந்துகள் காப்புரிமைக்குள்ளும், பழைய மருந்துகளின் மூலப்பொருள் ஒரே நாட்டுக்குள்ளும் சுருங்கிவரும் சூழலில், அந்த அடித்தளத்தைக் காப்பதும் மருத்துவக் கொள்கையின் பகுதியாகிறது.